பள்ளி என்னும் சொல்லும் வீடற்ற இளையோரும்



தமிழில் ‘பள்ளி’ என்னும் சொல் இருபொருள் உடையது. கற்கும் இடமும் பள்ளி. உறங்கும் இடமும் பள்ளி. சமண முனிவர் தங்கிய குகைத்தளங்களில் கற்படுக்கைகளை வெட்டுவித்தோர் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் இன்றும் காணக் கிடக்கின்றன. தலைசாய்க்க இடமில்லாதார்க்குக் கல்வியும் நிலைக்காது என்பதை அச்சொல்லே உணர்த்துகின்றது. வீடற்ற இளையோர்க்கு அரசு செய்வனவற்றையும் இவ்விரு பொருள்கொண்டே அளத்தல் தகும்.

இத்துறையில் தமிழகம் முன்னோடி. ஆதரவற்ற சிறுவரைக் காக்கும் சென்னைச் சிறார் சட்டம் 1920 இல் இயற்றப்பட்டது. இந்திய மாகாணங்களில் அதுவே முதலாவது. இன்று நடைமுறையில் உள்ளது 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அதன்படி, தெருவிலோ ரயில் நிலையத்திலோ மீட்கப்பெறும் சிறுவர் 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் நலக்குழுவின் முன் கொண்டுவரப்படுதல் வேண்டும். அத்தகைய சிறுவரைக் காண்போர் 1098 என்னும் தொலைபேசி எண்ணில் தெரிவிக்கலாம்.

தெருவுக்கு வந்தபின் மீட்பதினும் வாராமற் காத்தலே சிறந்தது. கொரோனாவால் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்பீடு செய்யும் திட்டத்தை 2021 இல் தமிழக அரசு அறிவித்தது. 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக்கரங்கள்’ திட்டம், பெற்றோரை இழந்த வறிய பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதந்தோறும் 2,000 ரூபாய் வழங்குகின்றது. பாட்டி வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ வளரும் பிள்ளை சுமையெனக் கருதப்படாதிருக்க இத்தொகை துணைசெய்யும்.

ஆயின், 18 வயது நிறைந்தபின் நிகழ்வது யாது? காப்பகத்தில் வளர்ந்தவர் சட்டத்தின் கண்ணில் அன்றுமுதல் குழந்தை அல்லர். அவர் மீண்டும் தெருவுக்கு வாராதிருக்கவே ‘பிற்காப்பு’ என்னும் ஏற்பாடு உள்ளது. 21 வயது வரையிலும், சிறப்பு நிலைகளில் 23 வரையிலும் இவ்வுதவி பெறலாம். மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் வாத்சல்யா திட்டத்தில் இதற்கு மாதம் 4,000 ரூபாய் வகுக்கப்பட்டுள்ளது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இதனைக் கவனிக்கின்றது.

தொகை கிடைப்பினும் கதவு திறக்க வேண்டுமே! அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் ஆவடிக்கும் வேலைக்குச் செல்லும் இளையோர் அண்ணனூர் போன்ற ஊர்களில் அறை தேடுகின்றனர். “அப்பா என்ன செய்கிறார்? சொந்த ஊர் எது?” என்று வீட்டுக்காரர் வினவுவர். காப்பகத்தில் வளர்ந்தவரிடம் அவற்றிற்கு விடை இல்லை; பரிந்துரைக்க ஆளும் இல்லை. வேறு உடன்பாடு இல்லையேல் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாதென்பது 2017 ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். வழக்கமோ அதனினும் மிகுதியாகக் கேட்கின்றது.

அரசு தொகை தரலாம். “இப்பிள்ளைக்கு யாம் பொறுப்பு” என்று சொல்லும் ஒரு பெரியவரைத் தர இயலாது. அது ஊராரின் கடமை. வீடுடையார் குறைந்த முன்பணத்தில் ஓர் அறை தரலாம். கடையுடையார் தொழில் பழக்கலாம். அறக்கட்டளையினர் திருவள்ளூர் மாவட்ட அலகை அணுகி, காப்பகம் விட்டு வரும் ஓரிருவர்க்கேனும் துணைநிற்கலாம். உணவு, மருந்து, நூல், அபயம் என நால்வகைத் தானம் போற்றும் மரபினர்க்கு, வாடகைக்கு விடும் ஓர் அறையும் அபயமே ஆகும். அன்று கல்லில் படுக்கை வெட்டுவித்தோர் வழிவந்தோர்க்கு இது அரிய செயல் அன்று.