குடாவின் அடிமண்



'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பது நம் நாட்டுப் பழமொழி. குளத்தில் இறங்குவோனுக்கு ஆழம் ஒன்று தெரிந்தால் போதும். கடலை நம்பி வாழ்வோனுக்கோ அது போதாது. ஆழத்தின் அடியில் கிடப்பது சேறா, மணலா, பாறையா என்பதும் அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். நங்கூரம் பிடிக்குமா, வலை கிழியுமா, எந்த மீன் எங்கே மேயும் என்பவை யாவும் அடிமண்ணைப் பொறுத்தவை. மன்னார்க் குடாவில் முத்துச் சிப்பிகள் பற்றி வளரும் கெட்டித் தரைக்குப் 'பார்' என்று நம் பரதவர் பெயர் வைத்தனர். ஆகவே, கடலின் அடியை வகை பிரித்து அறியும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. ஆனால் அந்தமானில் இன்று இந்தக் கேள்வி மீனவருக்கு மட்டுமன்றி உழவருக்கும் உரியதாகிவிட்டது. அது எவ்வாறு நேர்ந்தது என்பதை முதலில் பார்ப்போம்.

தென் அந்தமானின் தலைநகர், 2024ஆம் ஆண்டு வரை போர்ட் பிளேர் என்றும் அதன் பின்னர் ஸ்ரீ விஜயபுரம் என்றும் வழங்குகிறது. தமிழ் பேசுவோர் பலர் வாழும் அந்நகரை ஒட்டியது பத்துபஸ்தி. அங்கிருந்து காராசர்மா வழியாகச் சில கிலோமீட்டர் சென்றால் சிப்பிகாட் என்னும் ஊரை அடையலாம். துறைமுகத்திலிருந்து பிளாட் பே என்ற குடா உள்நாட்டுக்குள் நீண்டு வந்து அவ்விடத்தில் முடிகிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாளுக்கு முன் அங்கே நெல் வயல்கள் இருந்தன, வீடுகளும் இருந்தன. அன்று காலை நேர்ந்த பெருநிலநடுக்கத்தில் தென் அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழே இறங்கியது. வட அந்தமானின் மேற்குக் கரையோ மேலே எழும்பி, பவளப் பாறைகளை வெயிலில் காய விட்டது. ஆழிப் பேரலை வந்து திரும்பிப் போய்விட்டது. ஆனால் சிப்பிகாட்டின் தாழ்ந்த வயல்களில் புகுந்த நீர் திரும்பவில்லை. நாள்தோறும் இருமுறை ஏற்ற நீர் அங்கே வந்து போகலாயிற்று.

ஒரு மீட்டர் என்பது சிறு அளவாகத் தோன்றலாம். ஆனால் இந்தத் துறைமுகத்தில் அமாவாசை, பௌர்ணமி நாட்களின் உயர்ந்த ஏற்றத்துக்கும் தாழ்ந்த வற்றத்துக்கும் உள்ள வேறுபாடே ஏறக்குறைய இரண்டு மீட்டர்தான். ஆகவே ஏற்ற நீரின் விளிம்பில் இருந்த வயல், ஒரே நாளில் கடலின் சராசரி மட்டத்துக்கு இறங்கிவிட்டது. அதே காரணத்தால், கரையோரத்துக் கண்டல் மரங்களிலும் பல, இடைவிடாமல் நீரில் நின்று பட்டுப்போயின.

"அந்த நிலம் திரும்ப வருமா? கரை கட்டி நீரை இறைத்துவிட்டால் மறுபடியும் நெல் விளையுமா?" இவ்விரண்டும் நிலத்தை இழந்தவர் மனத்தில் இயல்பாக எழும் கேள்விகள். மேலே நின்று நீரைப் பார்த்து இவற்றுக்கு விடை கூற இயலாது. விடை நீரின் அடியில், சேற்றில் இருக்கிறது. அந்தச் சேற்றை எடுத்துப் படிக்கும் முறையையே கடலடி வண்டல் ஆய்வு என்கிறோம்.

இந்த ஆய்வு தொடங்கிய கதை எளியது. 1788-89ஆம் ஆண்டுகளில் ஆர்ச்சிபால்ட் பிளேர் என்ற கடற்படை அதிகாரி இத்தீவுகளின் கரைகளை அளந்தார். நகரின் பழைய பெயர் அவருடைய பெயரே. அக்காலத்து மாலுமிகள் ஆழம் பார்ப்பதற்கு ஈயக் குண்டைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். குண்டின் அடிப்புறத்தில் ஒரு குழி இருக்கும். அதில் விலங்குக் கொழுப்பை அடைத்திருப்பார்கள். குண்டு தரையைத் தொட்டதும் மணலோ சேறோ சிப்பித் துண்டோ கொழுப்பில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். கயிறு ஆழத்தைச் சொல்லும். கொழுப்பு தரையைச் சொல்லும். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய 'சாலஞ்சர்' கப்பல் கொண்டுவந்த அடிமண்ணை ஜான் மர்ரேயும் ரெனார்டும் ஆராய்ந்து 1891இல் பெருநூலாக வெளியிட்டனர். நம் கடல்களில் 'இன்வெஸ்டிகேட்டர்' என்ற அளவைக் கப்பல் இவ்வேலையைச் செய்தது. அக்கப்பலில் பணிபுரிந்த மருத்துவரும் உயிரியல் அறிஞருமான சீமூர் சூவெல், அந்தமான் கடலின் அடிப்படிவுகளைப் பற்றி 1925இல் விரிவாக எழுதினார்.

இன்று குண்டும் கொழுப்பும் போய்விட்டன, கருத்து மாறவில்லை. ஆய்வாளர் முதலில் குடாவின் படத்தில் கட்டம் கட்டமாகக் கோடிட்டுக் கொள்கிறார். கோடுகள் சந்திக்கும் இடந்தோறும் படகை நிறுத்துகிறார். இடத்தைச் செயற்கைக்கோள் கருவியும், ஆழத்தை ஒலியலைக் கருவியும் குறித்துத் தருகின்றன. பின்னர், இரு கைகளைக் குவித்து மண்ணை அள்ளுவது போன்ற இரும்பு வாயை உடைய கருவியை இறக்குகிறார். அது அடியில் பட்டதும் வாய் மூடிக்கொண்டு, மேற்பரப்பு மண்ணைக் கவ்வி வருகிறது. அடுக்கு அடுக்காகப் பார்க்க வேண்டுமானால் நீண்ட குழாயைச் சேற்றில் அழுத்தி எடுக்கிறார். வாழைத்தண்டைப் போன்ற முழு உருளையாக மண் அதனுள் நிற்கும்.

மண் கைக்கு வந்ததும் முதலில் உதவுவன கண்ணும் மூக்கும். பழுப்பு நிறமானால் காற்று கலந்த நீர் அதைத் தொட்டிருக்கிறது. கறுத்து, அழுகிய முட்டையின் நாற்றம் வீசினால், மக்கும் பொருள் மிகுந்து பிராணவாயு தீர்ந்துவிட்டது என்று பொருள். பிறகு ஆய்வுக் கூடத்தில் உப்பைக் கழுவிவிட்டுச் சலிக்கிறார்கள். 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது பரல். அதற்குக் கீழே, ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கு வரையில் மணல். அதனினும் நுண்ணியவை வண்டலும் களியும். இவற்றைச் சல்லடை பிரிக்காது. நீர்தான் பிரிக்க வேண்டும்.

கலங்கிய கிணற்று நீரைத் தேற்றாங்கொட்டை தேய்த்த குடத்தில் வைத்துத் தெளிய விட்டதை நம்மில் மூத்தோர் அறிவர். அந்தக் கொட்டை நுண்துகள்களை ஒன்று சேர்த்து விரைவாக இறங்கச் செய்கிறது. ஆய்வாளர் இதற்கு நேர்மாறாக, துகள்கள் ஒட்டாதபடி ஒரு மருந்தைச் சேர்த்து, அவை தனித்தனியே எவ்வளவு நேரத்தில் இறங்குகின்றன என்று கணக்கிடுகிறார். மிக நுண்ணிய மணல் துகள் 10 சென்டிமீட்டர் இறங்க அரை நிமிடம் போதும். களித் துகளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். ஆகவே, குடாவின் ஓரிடத்தில் களி படிந்திருந்தால் அங்கே நீர் அமைதியாக நிற்கிறது என்றும், மணல் மட்டும் எஞ்சியிருந்தால் நீரோட்டம் நுண்மண்ணை அரித்துச் செல்கிறது என்றும் அறியலாம்.

இனி, அந்த மண் எங்கிருந்து வந்தது? அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இது சென்னையின் மழையைப் போல் இருமடங்குக்கும் மேல். மரம் வெட்டிய சரிவுகளிலிருந்து மணற்பாறையும் களிப்பாறையும் கரைந்து ஓடைகள் வழியே குடாவை அடைகின்றன. கடலின் பக்கத்திலிருந்தோ பவளத் துகளும் சிப்பித் துண்டும் வருகின்றன. இவ்விரண்டையும் பிரித்தறிய நீர்த்த அமிலம் ஒரு துளி போதும்: கடல் தந்த சுண்ணாம்பு மணல் நுரைக்கும், மலை தந்த மணல் நுரைக்காது. மூன்றாவதாக, மனிதர் அனுப்பும் சாக்கடைக் கழிவும் எண்ணெயும் உலோகமும் உண்டு. இவை பெரும்பாலும் நுண்ணிய களியிலேயே ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே, மணல் மிகுந்த ஓரிடத்தையும் களி மிகுந்த ஓரிடத்தையும் அப்படியே ஒப்பிட்டு, இது தூய்மை, அது மாசு என்று தீர்ப்புச் சொல்வது தவறாகும்.

இன்னோர் எச்சரிக்கையும் தேவை. அந்தமானில், ஆதியில் கடலடியின் ஆழத்தில் உருவாகிப் பின்பு மேலே தள்ளப்பட்ட கரும்பச்சைப் பாறைகள் உள்ளன. குரோமியமும் நிக்கலும் அவற்றில் இயற்கையாகவே மிகுதி. சேற்றில் அந்த உலோகங்களைக் கண்டவுடன் ஊரார் மேல் பழி போடலாகாது. மலையின் பங்கு எவ்வளவு, மனிதரின் பங்கு எவ்வளவு என்று முதலில் கழித்துப் பார்க்க வேண்டும்.

மூழ்கிய வயல்களுக்கு இப்போது திரும்புவோம். அவ்வகை இடத்தில் குழாயைச் செலுத்தி மண்ணுருளை எடுத்தால், அடியில் நெற்பயிரின் வேர்த்தடம் படிந்த பழைய வயல் மண்ணையும், அதன்மேல் கடல் கொண்டுவந்த சேற்றையும் வேறு வேறாகக் காண முடியும். இரண்டும் சந்திக்கும் கோடு 2004ஆம் ஆண்டு. அந்தக் கோட்டுக்கு மேல் நிற்கும் சேற்றின் கனத்தை, கடந்துபோன ஆண்டுகளால் வகுத்தால் படிவின் வேகம் கிடைக்கும். வேறு இடங்களில் ஆண்டைக் கண்டறிய, 22 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் கதிரியக்க ஈயத்தையோ, 1963ஐ ஒட்டி உச்சமடைந்த அணுகுண்டுச் சோதனைகளின் சீசியத்தையோ தேட வேண்டும். இங்கே நிலநடுக்கமே தேதியை எழுதி வைத்துவிட்டது.

இந்த வேகம் ஏன் முக்கியம்? கண்டல் மரங்கள், கடலின் சராசரி மட்டத்துக்கும் ஏற்ற மட்டத்துக்கும் இடைப்பட்ட சேற்றில் வேரூன்றுபவை. ஆண்டுக்கு 1 சென்டிமீட்டர் படிந்தால், ஒரு மீட்டர் தாழ்ச்சி நிரம்ப 100 ஆண்டுகள் ஆகும். 2 மில்லிமீட்டர்தான் படியும் என்றால் 500 ஆண்டுகள். நிலமும் கடல் மட்டமும் அசையாமல் நிற்பவை அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே, எந்த மட்டத்தில் எந்தச் சேறு உள்ளது என்று அளக்காமல் நாற்று நடுவது, விதையை நீரில் எறிவதற்கு ஒப்பாகும்.

கரை கட்டி நீரை இறைக்க விரும்புவோர் அறிய வேண்டியது மேலும் ஒன்று உண்டு. கண்டல் சேற்றில் கந்தகமும் இரும்பும் சேர்ந்த ஒரு பொருள் உருவாகிறது. நீருக்கடியில் இருக்கும்வரை அதனால் தீங்கில்லை. நீரை வடித்துக் காற்றுப்படச் செய்தால் அது கந்தக அமிலமாக மாறும். கேரளத்துக் குட்டநாட்டில் 'கரி நிலம்' என்று வழங்கும் வயல்களின் துன்பம் இதுவே. அங்கே பணியாற்றும் நேயர்கள் அதைக் கண்டிருக்கலாம். பெரும் பொருள் செலவிட்டுக் கடலை வெளியேற்றிய பிறகு, மீண்ட நிலம் பயிரைச் சுடுமானால் அந்த உழைப்பின் பயன் என்ன? வேலை தொடங்கும் முன் சில கைப்பிடிச் சேற்றை எடுத்து, அது காய்ந்தபின் எவ்வளவு புளிக்கிறது என்று சோதித்தால் இந்த நட்டத்தைத் தவிர்க்கலாம்.

இதற்கான அறிவு தொலைவில் இல்லை. 1978இல் தொடங்கிய மத்தியத் தீவு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் காராசர்மாவில் இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை, நகரின் புறத்தே புரூக்ஸாபாத்தில் இயங்குகிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் கிளை டாலிகஞ்சில் உள்ளது. அங்கே பயில வரும் நம் பிள்ளைகளுக்கு, தம் வீட்டுக்கு அருகிலுள்ள குடாவே பாடநூலாகும்.

நேயர்கள் தாமே ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். மும்பையின் கழிமுகமானாலும் கொச்சியின் காயலானாலும் விசாகப்பட்டினத்தின் கரையானாலும், ஆபத்தில்லாத ஓரத்திலிருந்து ஒரு பிடி சேற்றை எடுத்துக் கண்ணாடிப் புட்டியில் இடுங்கள். நன்னீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி, அசையாமல் வையுங்கள். மணல் உடனே அடியில் அமரும்; அதன்மேல் வண்டல் இறங்கும்; களி மறுநாளும் நீரைக் கலக்கி நிற்கலாம். மலையிலும் தெருவிலும் வயலிலும் நாம் செய்தவற்றின் பங்கு அந்த அடுக்குகளில் இருக்கிறது என்று குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.

இழந்த நிலம் எல்லாம் மீளும் என்று யாரும் உறுதி கூற முடியாது. ஓரிடம் வயலாகலாம், ஓரிடம் கண்டற்காடாகலாம், ஓரிடத்தை மீனுக்கும் நண்டுக்கும் விட்டுவிடுவதே நலமாகலாம். எது எதற்கு ஏற்றது என்பதை ஆசையோ சினமோ தீர்மானிக்கலாகாது. ஆழம் பார்த்துக் காலை விடச் சொன்ன முன்னோர் சொல்லோடு, அடிமண்ணையும் பார்த்துக் கரை கட்டு என்பதை நாம் சேர்த்துக்கொள்வோமாக.