கை நனைத்தல்



நாம் இன்று நினைவுகூரும் அய்யா, கொட்டச்சேட்டுக் காப்பித் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்தவர். பெரிய படிப்பில்லை. ஜெபக் கூட்டத்தில் யாராவது நீளமாகச் சாட்சி சொன்னால் பொறுமையாகக் கேட்பார். முடிந்ததும், கடைசியாக யார் வீட்டில் கை நனைத்தீர்கள் என்று விசாரிப்பார். பெரும்பாலும் பதில் வராது. அந்தக் கேள்வியைத்தான் இன்றைய பேச்சாக எடுத்துக்கொண்டோம்.

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்றொரு ஊர். நட்டாலத்து நீலகண்டன் 1745இல் அங்கேதான் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். நாயர்; திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். சாதி பார்க்காமல் எல்லோரும் சமம் என்று பேசினார். மேல்சாதியாரின் பகை சூழ்ந்தது. 1749இல் சிறைபிடிக்கப்பட்டு, 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15இல் ரோமாபுரி அவரைப் புனிதராக அறிவித்தது. அதற்குமுன், பெயரில் ஒட்டியிருந்த 'பிள்ளை'யை நீக்கச் சொல்லிக் கேட்டு வாங்கவேண்டியிருந்தது என்பதையும் மறக்கவேண்டாம்.

அதே வடக்கன்குளத்தில் பிற்பாடு கட்டிய கோயிலைப் பாருங்கள். பீடம் ஒன்று, அதைப் பார்த்து நிற்கும் கூடம் இரண்டு. நடுவில் சுவர். வெள்ளாளர் ஒரு பக்கம், மற்றவர் மறுபக்கம். 1910இல் கௌசானல் பாதிரியார் சுவரை இடித்தார். அதை எதிர்த்து வெள்ளாளர் நீதிமன்றம் போனார்கள். ஒரே ரொட்டியைப் பகிர்ந்து உண்டவர்கள், ஒரே தரையில் நிற்கமாட்டோம் என்று வழக்காடினார்கள்! சுவர் விழுந்த ஊரைப் பெருமையாகச் சொல்கிறோம். விழாத சுவர்கள் கல்லறைத் தோட்டங்களில் இன்னும் நிற்கின்றன. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் கொள்கை ஆவணத்தில், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது.

விசுவாசத்தை நடந்து காட்டு என்று நமக்குப் போதிப்பவர்கள், நடந்ததற்கு நாம் கொடுத்த விலையையும் கணக்குப் பார்க்கட்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்பதை இந்துக்களுக்கு மட்டும் ஆக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். நாம் வெளியேதான். தமிழ்நாட்டில் நாம் பிற்படுத்தப்பட்டோர். அடித்தாலும் வன்கொடுமைச் சட்டம் நமக்குத் துணைவராது. அடிப்பவன் ஞானஸ்நானச் சான்றைப் பார்த்துவிட்டா அடிக்கிறான்? அதனால் எத்தனையோ வீடுகளில் பிள்ளை கோயிலில் மேரி, பள்ளிக்கூடத்தில் மாரியம்மாள். இதைப் பொய் என்று கண்டிப்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. அந்தப் பெயரை எழுதவைத்தது அரசாணை.

இவ்வளவும் பிறரைப் பற்றிய பேச்சு. அய்யாவின் கேள்வி நம்மையும் விடாது. சேலத்துப் பக்கம் பறையர் வீட்டுக் கல்யாணத்துக்கு அருந்ததியர் மொய் வைக்கிறார்கள். அவர்கள் வீட்டு விசேஷத்தில் நம்மில் எத்தனை பேர் பந்தியில் உட்காருகிறோம்? வயிறு சரியில்லை என்கிறோம், அவசர வேலை என்கிறோம், வெற்றிலை மட்டும் எடுத்துக்கொண்டு நழுவுகிறோம். இதை எழுதும்போது நமக்கும் கை கூசியது. அய்யா அப்படி நழுவியதில்லை. பழம் பறிக்கும் காலத்தில் சில்வர் ஓக் நிழலில் யார் தூக்குச்சட்டியைத் திறந்தாலும் அதில் கை விடுவார். சொந்தக்காரர்கள் அவரோடு சம்பந்தம் பேசவே யோசித்தார்கள்.

இன்றைக்குச் சமைத்திருப்பது கீழ்த்தெரு அருந்ததியர் வீட்டு அத்தையும் அவர் மருமகளும். சோறு, கறிக்குழம்பு, ரசம். பந்தி ஒன்றுதான். பேச்சு முடிந்ததும் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று யாரும் கிளம்பவேண்டாம். கடைசி வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது.