தொகுதி எல்லையும் ஒரு பேரூராட்சியும்



தேர்தல் என்றதும் எந்தக் கட்சி, எந்தச் சாதி, எத்தனை ஓட்டு வித்தியாசம் என்று பேச்சு போய்விடும். நான் அதற்கு முந்திய சங்கதியைப் பேச வந்திருக்கிறேன். யாருக்கு ஓட்டுப் போடுவது என்பது உங்கள் முடிவு. யாரோடு சேர்ந்து ஓட்டுப் போடுவது என்பது உங்கள் முடிவல்ல. தொகுதி எல்லையைப் போடுகிறவர்கள் அதை முடிவு செய்கிறார்கள்.

இதற்கு ஒரு பழைய உதாரணம்: 1952 தேர்தலில் கடலூர் நாடாளுமன்றத் தொகுதி, பொது உறுப்பினர் ஒருவரும் பட்டியல் சாதி உறுப்பினர் ஒருவரும் தேர்வாகும் இரட்டை உறுப்பினர் தொகுதி. எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி சார்பில் கோவிந்தசாமி கச்சிராயரும், காங்கிரஸ் சார்பில் எல். இளையபெருமாளும் அங்கே வென்றார்கள். அதே தேர்தலில் 375 இடங்கள் கொண்ட சென்னைச் சட்டமன்றத்தில் உழைப்பாளர் கட்சிக்கு 19 இடங்கள். காங்கிரசுக்கோ 152தான், பெரும்பான்மை இல்லை. அதனால் தென்னார்க்காட்டு உழவனின் குரலைக் கோட்டை கேட்டே ஆகவேண்டியிருந்தது. படையாட்சியார் 1954இல் காமராசர் அமைச்சரவையில் சேர்ந்தார். தீண்டாமையை ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்கு இளையபெருமாள் பின்னாளில் தலைவரானார். உழவரின் பிரதிநிதியையும் சேரியின் பிரதிநிதியையும் ஒரே தொகுதி அனுப்பிவைத்த காலம் அது. 1961இல் இரட்டைத் தொகுதி முறையே ஒழிக்கப்பட்டது.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். நம் பேரூராட்சியான மேல்பட்டாம்பாக்கத்துக்குப் பக்கத்து ஊரான நெல்லிக்குப்பத்தின் பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. 2001இல் அங்கே வென்றவர் எம்.சி. சம்பத், 2006இல் சபா. ராஜேந்திரன். நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி மறுவரையறை ஆணையம் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து எல்லைகளை மாற்றியபோது, 2008 ஆணையில் அந்தத் தொகுதி மறைந்தது, நெய்வேலி பிறந்தது. கடலூர் மாவட்டத்துக்கு முன்பும் ஒன்பது தொகுதி, பின்பும் ஒன்பது. சம்பத் கடலூரில் நின்று வென்றார், ராஜேந்திரன் நெய்வேலியில் நின்று வென்றார். தலைவர்களுக்குத் தொகுதி கிடைத்தது. நெல்லிக்குப்பமும் மேல்பட்டாம்பாக்கமும் பண்ருட்டித் தொகுதியில் சேர்ந்தன.

பண்ருட்டியோடு நமக்குப் பகையில்லை. ஆனால் அங்கே செம்மண், பலா, முந்திரி. இங்கே ஆற்றங்கரை, கரும்பு, பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை. ஆலை தரும் கரும்பு வெட்டு உத்தரவும் கரும்புக்கான நிலுவைத் தொகையும் ஒரு தொகுதியின் தலையாய கேள்வியாக இருந்த நிலை மாறி, பல கேள்விகளில் ஒன்றாகிவிட்டது. வெள்ளத்தையும் நினைத்துப் பாருங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை அடுத்துச் சாத்தனூர் அணை நீர் பெண்ணையாற்றில் பாய்ந்து வந்தபோது, ஒரே ஆற்றங்கரை மக்கள் வெவ்வேறு உறுப்பினர்களிடம் தனித்தனியாகப் போய் நின்றார்கள். எல்லை போடும்போது தலையை எண்ணுவது நியாயம்தான். ஆற்றையும் சந்தையையும் ஆலையையும் கணக்கில் எடுப்பதும் நியாயமே. மறுவரையறைச் சட்டமும் நில அமைப்பு, போக்குவரத்து வசதி, மக்களின் வசதி ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கிறது.

அரசியலமைப்பின் 84ஆவது திருத்தத்தின்படி, 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரைக்கும்தான் மாநிலங்களின் இட எண்ணிக்கையை மாற்றத் தடை. தமிழ்நாட்டுக்கு எத்தனை நாடாளுமன்ற இடம் என்ற போராட்டம் நியாயமானது. நானும் அதன் பக்கமே. ஆனால் மாவட்டத்துக்குள் கோடு எங்கே விழும் என்று கேட்க ஆளில்லை. ஆணையம் வரைவை வெளியிடும், ஆட்சேபனை கேட்கும், பொது அமர்வு நடத்தும். இறுதி ஆணை வந்தபின் நீதிமன்றம் தலையிடுவது மிக அரிது. அரசியலமைப்பின் 329ஆவது பிரிவு அப்படி.

ஆகவே மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த வரைவு வெளியாகும் நாளில் அதில் நம் பேரூராட்சி எங்கே இருக்கிறது என்று தேடிப் படியுங்கள். கரும்பு விவசாயிகளையும் ஆற்றங்கரைக் குடியிருப்பு மக்களையும் உட்காரவைத்து, ஒரே மனுவாக எழுதி, கெடு முடியும் முன் அனுப்பிவையுங்கள்.