கலைஞர் வீட்டில் கூட்டுகிறவர் யார்?

(தோட்டங்களில் இருந்து யாழ்ப்பாணம் பார்க்க வந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு, அச்சுவேலியில் ஒரு தம்பதியர் சேர்ந்து ஆற்றிய உரை)

எல்லாரும் தேத்தண்ணி குடிச்சிட்டியளோ? நீங்கள் கிள்ளின கொழுந்தையே உங்களுக்கு ஊத்தித் தந்திருக்கிறோமோ தெரியாது.

நாங்கள் புருசன் பெண்சாதி. இவர் நாட்டுக்கூத்து எழுதிப் பழக்குகிறவர். இவ பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவ, வீட்டையும் பார்க்கிறவ. கலைஞர் இருக்கிற வீட்டில் வீட்டு வேலையை எப்படிப் பார்க்கிறது என்று பேசச் சொல்லிக் கேட்டார்கள். உண்மையைச் சொன்னால், இந்த விசயத்தில் நாங்கள் சண்டை பிடிக்காத நாள் குறைவு. அதனால்தான் பேச வந்தோம்.

எங்கள் வீடு எப்படி இருந்தது தெரியுமோ? மேசையில் சாப்பிட இடமில்லை, முழுக்கக் கடதாசி. உடுப்புக் கொடியில் ராசாவின் கிரீடம். சோறு காய்ச்சுகிற சட்டியில் பசை. அவருக்குப் பாட்டு வந்துவிட்டால் அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் தெரியாது. "கலைஞன் எண்டால் அப்பிடித்தான்" என்று ஊரே சொல்லும். அதை யாரும் மறுத்துக் கேட்டதில்லை.

இந்த ஊரோடு சேர்ந்த ஒரு பழைய கதை உண்டு. இங்கே அச்சுக்கூடம் நடத்தித் தமிழ் நூல்கள் பதித்தவர் தம்பிமுத்துப்பிள்ளை. அவர் பேரன் மே. ஜே. தம்பிமுத்து, 1915இல் பிறந்தவர். 1938இல் லண்டன் போனார். அடுத்த ஆண்டே 'பொயற்றி லண்டன்' என்ற கவிதைச் சஞ்சிகையைத் தொடங்கினார். ஆங்கிலக் கவிஞர் பலர் அதில் எழுதினார்கள். 1983இல் லண்டனிலேயே காலமானார். பெரிய கெட்டிக்காரர். ஆனால் ஒழுங்கு கிட்டவும் வராது. வந்த கவிதைகளைக் கட்டிலுக்குக் கீழே மூத்திரச் சட்டிக்குள் போட்டு வைத்திருந்தார் என்று பழகியவர்கள் கதை சொல்வார்கள். கேட்டால் எல்லாரும் சிரிப்பார்கள். நாங்களும் சிரித்தோம். ஆனால் அந்த அறையைக் கூட்டினது யார்? அது கதையில் வராது.

பாரதியார் கதையும் உங்களுக்குத் தெரியும். புதுச்சேரியில், உலையில் போட வைத்திருந்த அரிசியை அவர் குருவிகளுக்கு அள்ளிப் போட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அதை நல்ல குணம் என்று சொல்லிக் கொடுக்கிறோம். நல்ல குணம்தான். ஆனால் அது இரவல் அரிசி. இரவல் வாங்கினது செல்லம்மா. அன்றைக்குப் பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கிறது என்று யோசித்ததும் அவதான். 1921இல் பாரதியார் மறைந்த பிறகு, அவர் பாட்டுகளை நூலாக்க முன்னின்றதும் அதே செல்லம்மாதான். 1951இல் திருச்சி வானொலியில் 'என் கணவர்' என்று அவ பேசினா. அது கவிஞரோடு குடித்தனம் நடத்தினவவின் பக்கம்.

இனி எங்கள் கதை. ஒருநாள் இவ வீடு கூட்டும்போது நிலத்தில் கிடந்த கூத்துக் கொப்பி ஒன்றை எடுத்துச் சீலையில் சுத்தி, ட்ரங்குப் பெட்டிக்குள் உறுதி, பிறப்புப் பத்திரங்களோடு வைத்துவிட்டா. இவர் கொப்பியைக் காணாமல், "என்ரை சாமானை ஏன் தொட்டனி?" என்று கத்தினார். மூன்று நாள் பேச்சில்லை. கொப்பியும் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

1995 ஒக்டோபரில் சண்டை கிட்ட வந்தது. ஊரை விட்டு வெளிக்கிட்டோம். அந்த மாதக் கடைசியில் வலிகாமம் முழுக்கத் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்தது. சைக்கிளில் பிள்ளைகள், ஒரு சாக்கு அரிசி, அந்த ட்ரங்குப் பெட்டி. வேறொன்றும் எடுக்க முடியவில்லை. அடுத்த வருசம் திரும்பி வந்து பார்த்தால், கட்டிலுக்குக் கீழே கிடந்த மற்ற மூன்று கூத்தும் கறையான் தின்று மண்ணாகிப் போச்சு. பெட்டிக்குள் இருந்த ஒன்றுதான் இன்றைக்கும் மேடையேறுது. கூட்டுகிற கை எடுத்து வைத்தபடியால்தான் அது மிஞ்சினது.

இன்னொன்றும் உண்டு. இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது, ஷெல் சத்தத்தில் பிள்ளைகள் நித்திரை கொள்ளவில்லை. இவ மெல்லமாக ஒரு தாலாட்டுப் பாடினா. புதுப் பாட்டு. "ஆர் கட்டினது?" என்று இவர் கேட்டார். "நான்தான்," என்றா. கலியாணத்துக்கு முந்திப் பாட்டுக் கட்டுகிறவவாம். பிறகு நேரமில்லை, விட்டுவிட்டாவாம். பன்னிரண்டு வருசம் ஒரே வீட்டில் இருந்தும் இவருக்கு அது தெரியாது. அன்றைக்குத்தான் இவர் வெட்கப்பட்டார்.

உங்கள் மலைநாட்டையே எடுங்கோ. கோ. நடேசய்யர் தொழிலாளருக்காகப் பேசினார். அவர் மனைவி மீனாட்சியம்மையார் கூட்டங்களில் பாடினா. தானே பாட்டும் எழுதினா. 1940இல் அந்தப் பாட்டுகள் சிறு நூலாகவும் வந்தன. எழுத நேரம் கிடைத்தபடியால் அவ பாட்டு எங்களுக்குக் கிடைத்தது. கொழுந்து மலையிலேயே எத்தனை அக்காமாரின் பாட்டு நின்றுபோச்சோ?

இப்ப எங்கள் வீட்டில் மூன்று ஏற்பாடு.

ஒன்று, இவருக்கு ஒரு மூலை. அங்கே எப்படிக் கிடந்தாலும் இவ தொடமாட்டா. மூலைக்கு வெளியே கிடந்தால் எல்லாம் ஒரு பெட்டிக்குள் போகும். தேடுகிறது இவர் பாடு.

இரண்டு, "உதவி செய்யிறேன்" என்ற கதை இல்லை. தண்ணீர் அள்ளுகிறதும் சனிக்கிழமைச் சமையலும் முழுக்க இவர் வேலை. கறிக்கு என்ன வாங்குகிறது என்று யோசிக்கிறதில் இருந்து சட்டி கழுவிக் கவிழ்க்கிற வரைக்கும்.

மூன்று, அந்தச் சனிக்கிழமை நேரம் இவவின் நேரம். பாட்டுக் கட்டினாலும் சரி, சும்மா இருந்தாலும் சரி.

லயக் காம்பராவில் மூலை எங்கே என்று கேட்பியள். சரிதான். பத்தடிக்குப் பன்னிரண்டடி இடத்தில் மூலை கிடையாது. கட்டிலுக்குக் கீழே மூடியோடு ஒரு பெட்டி வையுங்கோ. தப்பு, சலங்கை, காமன் கூத்துப் பாட்டுக் கொப்பி எல்லாம் அதுக்குள்ளே. பல தோட்டங்களில் ஆம்பிளையளின் வேலை வேளைக்கே முடியுமாம். அக்காமார் அந்திக் கொழுந்து நிறுத்த பிறகுதான் லயத்துக்கு வருகினமாம். அப்படியெண்டால் அண்ணாமாரே, அக்கா வரும்போது பீலித் தண்ணீர் வீட்டில் இருக்கட்டும், உலை கொதிக்கட்டும். அதுக்குப் பிறகு தப்பை எடுங்கோ. அடி இன்னும் நல்லா விழும்.

எங்கள் சண்டை முடிந்துவிட்டது என்று சொல்லமாட்டோம். நேற்றும் சோத்துச் சட்டியில் பசை இருந்தது. ஆனால் அதை இவரே கழுவினார்.