சட்டம் வந்த பிறகும் செய்தி வேண்டும்



வழக்குக்குப் பேர்போன ஊர் திருவெண்ணெய்நல்லூர். மணப்பந்தலில் சுந்தரரைத் தன் அடிமை என்று சொல்லி மறித்த முதியவர் ஆளோலையோடு நியாயம் கேட்டு வந்தது இந்த ஊர்ச் சபைக்குத்தான். முதியவர் என்று சபை இரங்கிவிடவில்லை. மணக்கோலத்தில் நிற்கிறாரே என்று சுந்தரர் பக்கம் சாயவும் இல்லை. மூல ஓலையை வாங்கிப் படித்தது. அதிலிருந்த சுந்தரரின் பாட்டனார் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒத்துப் பார்த்தது. பிறகே தீர்ப்புச் சொன்னது. அந்த நிதானம் இன்று பத்திரிகைக்கும் வேண்டும், சட்டமன்றத்துக்கும் வேண்டும்.

2023 மே மாதம், மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பல உயிர்களைக் குடித்தது. தொலைக்காட்சி வண்டிகள் வந்தன. அதிகாரிகள் மீது நடவடிக்கை பாய்ந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் நிவாரணம் அறிவித்தார்கள். வண்டிகள் போய்விட்டன. ஓராண்டு கழித்து, 2024 ஜூனில், 2019 வரை நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே இருந்த கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில் ஒப்பாரி எழுந்தது. 60 பேருக்கு மேல் மாண்டார்கள். அதே மெத்தனால்!

நாடே பார்த்தது. ஜூன் 29 அன்று, சாவு விழுந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்துக்குத் திருத்தம் நிறைவேறியது. கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் விற்றவருக்கு ஆயுள் சிறை, 10 லட்சத்துக்குக் குறையாத அபராதம். செய்தி நினைத்தால் சட்டத்தை எழுத வைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் நண்பர்களே, கள்ளச்சாராயம் அதற்கு முன்பும் குற்றம்தானே? சட்டம் இல்லாமலா அத்தனை பேர் செத்தார்கள்? மெத்தனால் எந்த ஆலையிலிருந்து வந்தது, எந்தச் சோதனைச் சாவடியைக் கடந்தது, யார் கண்டும் காணாமல் இருந்தார்கள்? இவற்றைக் குடைந்து கேட்க வேண்டிய சட்டமன்றத்தில், அப்போது பிரதான எதிர்க்கட்சியாக இருந்த அதிமுகவின் உறுப்பினர்கள் அன்று இல்லை. கூட்டத்தொடரின் எஞ்சிய நாட்களுக்கு இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். அவையில் கேட்க ஆள் குறையும்போது பத்திரிகைதான் கேட்க வேண்டும்.

கேட்கும் உரிமை சும்மா கிடைத்ததல்ல. 1987-இல் ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது நம் சட்டமன்றம். கண்டனக் குரல் ஓங்கியது. சில நாட்களிலேயே அவரை விடுவித்தார்கள். 2003-இல் இந்து நாளேட்டின் பத்திரிகையாளர்களுக்கும் முரசொலி ஆசிரியருக்கும் 15 நாள் சிறை விதித்தபோது உச்ச நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. அப்படிக் காத்த உரிமையைச் சாவு வீட்டு வாசலில் மைக் நீட்டுவதற்கு மட்டுமா செலவழிப்பது?

ஊடக நண்பர்களே, சட்டம் வந்த அன்று தலைப்புச் செய்தி போட்டீர்கள். அந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறதா என்று பார்க்கவும் வாருங்கள். பொதுமக்களே, மிரட்டலுக்கு நடுவே இந்த ஊர்ச் செய்தியை எழுதும் உள்ளூர் நிருபருக்குத் துணை நில்லுங்கள். தகவல் உரிமை மனுவுக்கு 10 ரூபாய் போதும். புதிய சட்டத்தில் நம் மாவட்டத்தில் எத்தனை வழக்கு, எத்தனை தண்டனை என்று ஆண்டுதோறும் கேளுங்கள். வரும் பதிலைப் பத்திரிகைக்குக் கொடுங்கள். வாக்குக் கேட்டு வருபவரிடமும் காட்டுங்கள். அடுத்த சாவு விழுந்த பிறகு நாம் கேட்கும் கேள்வியை இன்றைக்கே கேட்டால், அந்தச் சாவு விழாமலே போகும்!