தாய்வீட்டுக்கு வந்த மீன்



பள்ளி ஆண்டுவிழா என்றால் ஒரு புலி வரும். முகமூடிக்குள் வியர்த்து வழிந்தபடி ‘என்னைக் காப்பாற்றுங்கள்’ என்று சொல்லும். பெற்றோர் செல்போனில் படம் பிடிப்பார்கள், கைதட்டல் எழும், அடுத்த நிகழ்ச்சி தொடங்கிவிடும். அந்தப் புலி யாரிடம் பேசியது? காட்டோரத்தில் மாடு மேய்ப்பவர் யாரும் அந்த அரங்கில் இல்லையே!

பேச வேண்டியவரிடமே போய்ப் பேசிய நாடகம் ஒன்று குஜராத் கடற்கரையில் உண்டு. அதன் நாயகி ஒரு மீன்.

உலகத்து மீன்களிலேயே பெரியது அம்மணி உழுவை. 12 மீட்டருக்கு மேலும் வளரும். சுறா இனம்தான்; ஆனால் வாயைத் திறந்தபடி நீந்தி, கடல்நீரில் மிதக்கும் சிற்றுயிர்களையும் சிறு மீன்களையும் வடிகட்டித் தின்னும் சாது. 1990-களில் வேராவல் பக்கத்தில் இதை நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். ஈரல் எண்ணெய் மரப்படகுக்குப் பூச, இறைச்சி ஏற்றுமதிக்கு. ஈட்டி பாய்ந்த மீன் ஆழத்துக்குப் போய்விடாதிருக்கக் கயிற்றில் பீப்பாய்களைக் கட்டி விடுவார்கள். அதனால் மீனுக்கே ‘பேரல்’ என்று பெயர். மைக் பாண்டேயின் ஆவணப்படம் இந்தக் கொலையை வெளியே காட்டியது. 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இது சேர்ந்தது. அந்த இடத்தைப் பெற்ற முதல் மீன் இதுதான்.

சட்டம் வந்துவிட்டது. கரையில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2004-இல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை, வனத்துறையோடும் டாடா கெமிக்கல்ஸ் நிறுவனத்தோடும் சேர்ந்து ஊர் ஊராகப் புறப்பட்டது. ராமகதை சொல்லும் மொராரி பாபு முன்னால் நின்றார். அந்த மீனை, பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் என்றார். தெருநாடகமும் அதையே கதையாக்கியது. மீனவர் வீட்டுக்குப் பிள்ளைத்தாய்ச்சி மகள் வருகிறாள். கடலுக்குள்ளே இன்னொரு மகளும் வந்திருக்கிறாள். வாசலுக்கு வந்த மகள்மீது எந்தத் தகப்பன் ஈட்டி எறிவான்? 1995-இல் தைவானில் பிடிபட்ட ஒரு மீனின் வயிற்றில் ஏறத்தாழ 300 குட்டிகள் இருந்தன என்பதையும் நினைத்துக்கொண்டால், கதை வெறும் கற்பனையாகப் படாது.

நாடகத்தோடு காற்றடைத்த பொம்மை மீன் ஒன்றும் போனது; ஆளுயரமல்ல, அசல் மீனின் நீளத்துக்கே! அது ஊருக்குள் வந்தால் பள்ளிப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ஊர்வலம் போனார்கள், படம் வரைந்தார்கள், நடித்தார்கள். பார்த்த பிள்ளை வீட்டுக்குப் போய், வலை பின்னிக்கொண்டிருக்கும் அப்பாவிடம் கேள்வி கேட்கும். எந்த அதிகாரியும் அந்த நேரத்தில் அந்தத் திண்ணையில் உட்கார முடியாது.

நாடகம் மட்டும் போதவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சிக்கிய மீனை விடுவிக்க வலையை அறுக்க வேண்டும். வலை என்றால் காசு. அறுத்த வலைக்கு அரசு இழப்பீடு கொடுத்தது. விடுவித்ததற்குச் சான்றாக மீனவர்களே படம் எடுக்கக் கேமராவும் கிடைத்தது. இதுவரை 900-க்கும் மேற்பட்ட மீன்கள் உயிரோடு திரும்பியிருக்கின்றன.

அசாமிலும் இதே உறவுமுறைதான் கைகொடுத்தது. காமரூப் மாவட்டத்து ஊர்களில் ஹர்கிலா என்ற பெரிய நாரையை முன்பெல்லாம் யாருக்கும் பிடிக்காது. குப்பையைக் கிளறும், கூடு நாறும், மரத்தையே வெட்டிவிடுவார்கள். உயிரியலாளர் பூர்ணிமா தேவி பர்மன் பெண்களைத் திரட்டி, முட்டையிடும் நாரைக்கு வளைகாப்பு நடத்தினார், பாட்டோடு. பிள்ளைகள் ஹர்கிலா முகமூடி மாட்டிக்கொண்டு ஆடினார்கள். 2022-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் ‘பூமியின் சாதனையாளர்’ விருது அவருக்குக் கிடைத்தது.

நம் கரைக்கு வருவோம். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுவுக்கென்று 2022-இல் தமிழக அரசு ஒதுக்கியது. ஆவுளியா என்று நம் மீனவர் சொல்வார்களே, அதேதான். ஆசிரியர்களே, அடுத்த ஆண்டு புலி கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும். ஆவுளியாவை மேடையேற்றுங்கள், ஒத்திகைக்கு வலைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். வசனத்தில் பிழை இருந்தால் அவரே திருத்துவார்.