தாம்பரத்துக் காற்று யாருக்குச் சொந்தம்?

(தாம்பரத்தில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்துக்கு வந்திருப்பவர்களில் பலர் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வந்திருப்பீர்கள். அந்த ஸ்டேஷனுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது? 1928-ம் ஆண்டில் டாக்டர் சௌரி முத்து என்பவர் இங்கே காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் திறந்தார். காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. வெயில், நல்ல ஆகாரம், ஓய்வு, சுத்தமான காற்று இவைதான் வைத்தியம். பிற்பாடு சர்க்கார் அதை எடுத்துக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இருக்கிறது.

ஆக, நல்ல காற்றைத் தேடி நோயாளிகள் வந்து சேர்ந்த ஊர் நம்முடைய ஊர். இன்றைக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் அரைமணி நேரம் பஸ்ஸுக்கு நின்று விட்டு, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துப் பாருங்கள். அதில் ஒட்டியிருக்கும் கறுப்பு, கண்ணுக்குத் தெரிகிற தூசி. கண்ணுக்குத் தெரியாத தூசிதான் மிகவும் பொல்லாதது. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

மதுரைக்காரர் கண்டது

காற்றில் மிதக்கும் இந்த நுண்துகள்களை விஞ்ஞானிகள் ஏரோசால் என்கிறார்கள். இவற்றை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர்களில் ஒருவர் நம் தமிழ்நாட்டுக்காரர்: வீரபத்ரன் ராமநாதன். 1944-ல் மதுரையில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் எஞ்சினீயரிங் படித்துவிட்டு, செகந்திராபாத்தில் குளிர்பதனப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பெட்டியிலிருந்து கசியும் வாயுவைத் தடுப்பது அங்கே அவர் கவனித்த வேலைகளில் ஒன்று. பிறகு அமெரிக்கா சென்று ஆராய்ச்சி செய்த அவர், 1975-ல் ஓர் உண்மையை வெளியிட்டார். குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோ புளோரோ கார்பன் வாயுவின் ஒரு மூலக்கூறு, கரியமிலவாயுவின் ஒரு மூலக்கூறைவிடப் பத்தாயிரம் மடங்கு அதிகமாகப் பூமியின் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பதே அது. தொழிற்சாலையில் அவர் அடைக்கப் பார்த்த கசிவு உலகத்தையே சுடவைக்கும் கசிவாக இருந்தது!

1999-ல் அவரும் நோபல் பரிசு பெற்ற பால் குருட்ஸன் முதலிய விஞ்ஞானிகளும் மாலத் தீவுகளைத் தளமாகக் கொண்டு, விமானம், கப்பல், செயற்கைக்கோள் ஆகியவற்றின் துணையோடு இந்து மகா சமுத்திரத்தின் மேலுள்ள காற்றை ஆராய்ந்தார்கள். நீலமாக இருக்க வேண்டிய கடல் வானத்தில், ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் உயரம் வரை பழுப்பு நிறப் படலம் தொங்குவதைக் கண்டார்கள். வாகனப் புகை, அனல் நிலையப் புகை, விறகு, வறட்டி, எரிந்த குப்பை எல்லாம் கலந்த படலம் அது.

அந்தப் படலம் என்ன செய்கிறது? சூரிய ஒளியின் ஒரு பகுதியை மேலேயே மறித்துவிடுகிறது. கடலில் விழும் வெயில் குறைந்தால், நீர் ஆவியாவது குறைகிறது. அது பருவமழையைத் தளர்த்துகிறது. இந்தப் படலமும் வெப்ப வாயுக்களும் சேர்ந்து இந்தியாவின் நெல் விளைச்சலைக் குறைத்திருக்கின்றன என்று 2006-ல் ராமநாதனும் அவருடைய சகாக்களும் கணக்கிட்டுக் காட்டினார்கள். பட்டணத்துப் புகை விவசாயியின் களத்துமேட்டில் கைவைக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

இரண்டு கணக்கு

இங்கே ஒரு நுட்பமான விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எல்லாத் துகளும் ஒன்றல்ல. டீசல், விறகு ஆகியவற்றின் கரித்துகள் வெயிலை விழுங்கிக் காற்றைச் சூடாக்குகிறது. நிலக்கரியின் கந்தகத்திலிருந்து பிறக்கும் துகளோ வெயிலைத் திருப்பி அனுப்பிப் பூமியைச் சற்றுக் குளிர வைக்கிறது. "அப்படியானால் கந்தகப் புகை நல்லதுதானே?" என்று கேட்கும் புத்திசாலிகளும் உண்டு. குளிர்ச்சி யாருடைய நுரையீரலின் விலையில் கிடைக்கிறது என்று அவர்களைத் திருப்பிக் கேளுங்கள். அனல் மின் நிலையங்கள் கந்தகப் புகையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று 2015-ல் மத்திய சர்க்கார் விதி செய்தது. கெடுவை மீண்டும் மீண்டும் நீட்டியது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டது!

இன்னொரு கணக்கு: கரியமிலவாயு காற்றில் கலந்தால் அதன் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் நீடிக்கும். தூசியின் ஆயுளோ சில நாட்கள், மிஞ்சினால் ஓரிரு வாரம். ஐப்பசியில் நல்ல மழை பெய்து ஓய்ந்த காலையில் பாருங்கள். பறங்கிமலையும் திரிசூலம் குன்றும் கழுவி வைத்தாற்போலத் தெரியும். புகையை இன்று நிறுத்தினால் பலன் நம் காலத்திலேயே, அடுத்த மாதமே கிடைக்கும் என்பதற்கு வானமே சாட்சி.

அடுப்பின் மேல் பழி

2002-ல் ஐக்கிய நாடுகள் சபை "ஆசியப் பழுப்பு மேகம்" என்று பெயரிட்டு அறிக்கை வெளியிட்டபோது இந்தியாவில் கடும் எதிர்ப்பு எழுந்தது. நூறாண்டுகளுக்கு மேலாக நிலக்கரி எரித்துக் கொழுத்த நாடுகள் நம் ஏழைகளின் அடுப்பைக் குற்றம் சொல்வதா என்று கேட்டார்கள். கேட்டது நியாயம். "ஆசிய" என்ற அடைமொழி பிறகு கைவிடப்பட்டது. ஆனால் அந்த நியாயத்தைப் போர்வையாக்கி, நம் பெண்களின் நெஞ்சில் இறங்கும் புகையை மறைப்பது நியாயமாகாது. ராமநாதன் இதில் சரியான பக்கம் நின்றார். தம் பாட்டி விறகுப் புகையில் இருமிக்கொண்டே சமைத்ததை அவர் மறக்கவில்லை. புகை குறைந்த அடுப்புகளைக் கிராமங்களுக்குக் கொண்டுபோகும் திட்டத்தை உத்தரப் பிரதேசத்தில் தொடங்கி வைத்தார். அவர் நம் கட்சிக்காரர் அல்ல. போப்பாண்டவரின் விஞ்ஞான சபையில் அங்கத்தினர். ஆயினும் உலகைச் சூடாக்கியதில் ஏழைகளின் பங்கு மிகச் சொற்பம், அடிபடுவதில் முதலிடம் அவர்களுக்கே என்று அவரும்தான் சொல்கிறார்.

தாம்பரத்தில் இதை விளக்கப் புத்தகம் வேண்டாம். மூடிய காரில் குளிர்சாதனத்தோடு போகிறவருக்கும் ரோடு ஒன்றுதான். அந்த ரோட்டைப் பெருக்குகிற ஒப்பந்தத் தொழிலாளிக்கும், ஆட்டோ ஓட்டுகிறவருக்கும், நடைபாதையில் பூக்கட்டும் அம்மாவுக்கும், சாப்பாட்டுப் பொட்டலம் சுமந்து மோட்டார் சைக்கிளில் பறக்கும் தம்பிக்கும் அதே ரோடுதான். ஆனால் சுவாசிக்கிற காற்று ஒன்றல்ல. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தது. ஜன்னலைச் சாத்த வீடு இருந்தவர்கள் சாத்திக்கொண்டார்கள். குப்பை பொறுக்கிப் பிழைக்கிறவர் எதைச் சாத்துவார்?

தலைமயிரின் கனத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத துகள், மூச்சுப்பைகளின் ஆழம் வரை இறங்கி ரத்தத்திலும் கலக்கிறது. இந்த நுண்துகள் ஒரு கனமீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகலாகாது என்று 2021-ல் உலக சுகாதார ஸ்தாபனம் சொன்னது. நம் நாட்டு விதி 2009-ல் அனுமதித்தது 40. இந்தியத் தொழிலாளியின் நுரையீரல் எட்டு மடங்கு வலிவுள்ளதா?

நம்மையும் கேட்டுக்கொள்வோம்

தோழர்களே, நம் பங்கையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2018 ஜனவரியில் போகிப் புகையும் பனியும் சேர்ந்து மீனம்பாக்கத்தில் விமானங்களையே தடுமாற வைத்தன. மார்கழிக் கடைசியில் தரையோரக் காற்று குளிர்ந்து கனத்திருக்கும். மேலே உள்ள சூடான காற்று பானைக்கு மூடி போட்டாற்போல அதை அமுக்கும். அந்த நேரத்தில் டயரைக் கொளுத்தினால் புகை போக இடமேது? நம் தெருவில், நம் பிள்ளைகள் கொளுத்தும் டயரை நாம்தான் நிறுத்த வேண்டும். அதற்குப் போலீஸ் வர வேண்டியதில்லை.

மற்றவை கேட்டுப் பெற வேண்டியவை. ஆலந்தூரிலும் வேளச்சேரியிலும் காற்றை அளக்கும் நிலையங்கள் உள்ளன. ஆனால் ஓரிடத்துக் கருவி அவ்விடத்துக் காற்றைத்தான் சொல்லும். 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. மாநகராட்சிக்கு உரிய கடமையும் அதனோடு வர வேண்டும். பஸ் நிலையங்களிலும் பள்ளிக்கூட வாசல்களிலும் காற்றை அளந்து, அன்றன்றைய கணக்கைத் தமிழில் எழுதிப் போட வேண்டும். மண்ணும் ஜல்லியும் ஏற்றும் லாரிகள் தார்ப்பாய் மூடிப் போக வேண்டும். குப்பையைத் தரம் பிரித்து அகற்ற நிரந்தரத் தொழிலாளர்கள் வேண்டும். பஸ்களும் புறநகர் ரயில்களும் பெருக வேண்டும். கேஸ் சிலிண்டர் ஏழை வாங்கும் விலைக்கு இறங்க வேண்டும். விலைக்குப் பயந்து விறகுக்குத் திரும்பும் தாயிடம் சுகாதாரப் பிரசங்கம் செய்து பயனில்லை. ரோட்டில் நின்று உழைப்போருக்கு ஆண்டுதோறும் நெஞ்சுப் பரிசோதனை செய்ய வேண்டும். அதற்குரிய ஆஸ்பத்திரி நம் ஊரிலேயே இருக்கிறது.

கூலி கேட்டோம், போனஸ் கேட்டோம், குடிநீர் கேட்டோம். காற்றைக் கேட்க வேண்டிவரும் என்று நம் முன்னோர் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் கேட்டாக வேண்டும். இந்தக் கோரிக்கைகளை எழுதிய மனு மேடையருகே இருக்கிறது. கையெழுத்திட்டு விட்டுப் போங்கள்; கூடவே, இன்று வேலை முடியாமல் வர இயலாதுபோன பக்கத்து வீட்டுக்காரருக்காக ஒரு பிரதியையும் எடுத்துச் செல்லுங்கள்.